பல் விழுந்த கைக்கோடாலி

டயகம, மேற்பிரிவு
9.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

கிருஷாந்தி எழுதுவது. நான் சுகம். வேலைக்குப் போகிறேன்.

போன வியாழக்கிழமை பொலிஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வழக்கு முடிந்துவிட்டதாம், வழக்குச் சாமானை வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம், இல்லாவிட்டால் அழித்துவிடுவார்களாம். மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகாமல் பஸ் ஏறினேன். அங்கே ஒரு சாக்குத் துணியை அவிழ்த்து மேசை மேல் வைத்தார்கள். நம்முடைய கைக்கோடாலி. பிடியில் நம்பர் எழுதின அட்டை தொங்கியது. "மேக்க ஒயாகெத?" என்று பொலிஸ்காரர் கேட்டார், இது உன்னுடையதா என்று. என்னுடையதுதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அழித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் நினைவுக்கு வந்தது. மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள் என்ன என்று கேட்டாள். சாமான் என்றேன்.

எங்கும் துரு. வாய் முழுக்கப் பல் விழுந்திருக்கிறது. பெரிதாக மூன்று. நடுப் பல்லில் என் சுண்டுவிரல் நகம் முழுதாக உள்ளே போகிறது. அது லொறிக் கொட்டகைப் பூட்டில் பட்டு விழுந்த பல். பொசன் போயா லீவு அன்று ஏழு மாசத்தில் வலி வந்து நான் தோட்டத்து மருந்துக் காம்பரா வராந்தாவில் கிடந்தேனே, நீங்கள் பூட்டில் அடித்த சத்தம் அங்கே வரை கேட்டது. பதினொன்று வரை எண்ணினேன். அதற்குப் பிறகு வாச்சர் சிவசாமி மாமா கத்தினது கேட்டது. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.

துருவைத் தவிர அதில் வேறு கறை எதுவும் இல்லை. பார்த்துவிட்டேன்.

பழைய தேயிலை பிடுங்கின மலையில் வேர்க்கட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கவ்வாத்துக் கத்தி அதற்கு ஆகாது. இந்தக் கோடாலியைச் சரி பண்ண முடியுமா, முடிந்தால் எப்படி என்று எழுதுங்கள். அது மட்டும் எழுதினால் போதும்.

சிறைக்குப் பார்க்க வர வேண்டாம் என்று சொன்னது நீங்கள். ஏன் என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை.

கிருஷாந்தி

---

20.2.2025

கிருஷாந்திக்கு,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி கைக்கு வந்தது. பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள். நான் எழுதுவதையும் படித்த பிறகுதான் அனுப்புவார்கள்.

கோடாலி சரியாகும். பல் விழுந்தது பெரிய விஷயம் இல்லை. வெடிப்பு விட்டிருந்தால்தான் ஆபத்து. ஆகவே முதலில் அதைக் கொண்டு எதையும் வெட்டாதே.

பிடியைக் கழற்று. காதுக்குள் இருக்கும் ஆப்பை ஒரு பழைய ஆணியால் தட்டினால் வந்துவிடும். தலையை ஒரு நாள் மண்ணெண்ணெயில் போட்டு வை. மறுநாள் செங்கல் தூளைத் தேங்காய்ப் பொச்சில் தொட்டுத் தேய். துரு போய்விடும். பிறகு வாய்ப் பக்கம் முழுவதும் திரும்ப மண்ணெண்ணெய் பூசி, கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவு. வெடிப்பு இருந்தால் அதற்குள் போன எண்ணெய் கசிந்து பவுடரில் ஒரு கோடு ஈரமாகத் தெரியும். கோடு வந்தால் அந்தக் கோடாலியை விட்டுவிடு. வராவிட்டால் எழுது.

▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇
▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇
▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇

தட்டை அரம் ஒன்று வேண்டும், ஒரு சாண் நீளமாவது இருக்க வேண்டும். முக்கோண அரம் வாங்காதே. அது ஈர்வாளுக்கு.

எனக்கு இங்கே தச்சுப் பகுதியில் வேலை. நாற்காலிக்குக் கால் இழைக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை.

வர வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

தர்ஷன்

---

டயகம, மேற்பிரிவு
16.3.2025

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்தேன். துரு போய்விட்டது. இரும்பு கறுப்பாக, நல்லாத்தான் இருக்கிறது.

என்னிடம் முகப்பவுடர் இல்லை. பெட்டிக்குள் புள்ளைக்கு என்று வாங்கி வைத்த பவுடர் டின் இருந்தது. மூடியைச் சுற்றி ஒட்டின தாள்கூடக் கிழிக்கவில்லை. அதைத் திறந்து தூவினேன். வாசலில் வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோடு வரவில்லை. கோடாலியில் இருந்து புள்ளை வாசம் வந்தது. கழுவிவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் மூன்று வரியைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தும் ஒரு எழுத்து தெரியவில்லை. அது என்ன என்று தெரியாமல் நான் ஒரு வேலை செய்துவிட்டேன். அரம் வாங்க அக்கரப்பத்தனைக்குப் போனபோது, கேட் செய்யும் வெல்டிங் கடையில் சாணை ஓடிக்கொண்டிருந்தது. கோடாலித் தலையும் பையில் இருந்தது. அவரிடம் கொடுத்தேன். நெருப்புப் பொறி பறக்க இரண்டு நிமிஷம் பிடித்தார். "இந்தாங்க தங்கச்சி, பல்லெல்லாம் போச்சு" என்று கொடுத்தார். பல் பாதிதான் போயிருந்தது. ஆனால் வாயின் ஓரம் ஒரு விரல் நீளத்துக்கு நீலமாகிவிட்டது, மயில் கழுத்து மாதிரி. வீட்டுக்கு வந்து ஒரு குச்சியில் போட்டுப் பார்த்தேன். வாய் மடிந்துவிட்டது. இரும்பு அப்படி மடியுமா?

இன்னொன்று. தலையை வாசலில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மாக்கண்ணு அத்தை தண்ணி எடுத்துக்கொண்டு போனார். தன் வீட்டுக்காரர் சிவசாமி மாமா கையில் கோடாலி பட்டதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அன்றைக்கு நின்று கோடாலியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டார். சத்தம் கேட்டது. அன்று சாயந்தரமே லயத்து வீடுகள் முழுக்கக் கதை. தோட்டத் தலைவர் யோகேஸ்வரன் வந்து நின்றுகொண்டே பேசினார்.

"புருஷன் வெளிய வர்ற நேரத்துல எதுக்கும்மா அத கூராக்குற? ஆளுக பயப்படுறாங்க. ஆபீஸ்ல குடுத்துரு."

"வெறகு வெட்டுறதுக்கு" என்றேன்.

"வெறகு வெட்டுறதுக்கு வேற கோடாலியே இல்லையா?"

நான் கோடாலித் தலையைச் சாக்கில் சுற்றி உள்ளே வைத்தேன். அவர் போய்விட்டார்.

கிருஷாந்தி

---

30.3.2025

கிருஷாந்திக்கு,

அந்த மூன்று வரியில் நான் எழுதியிருந்தது, சாணைக்கு மட்டும் கொடுக்காதே என்பதுதான். சாணைச் சூட்டில் வாயின் உறுதி போய்விடும், பிறகு கழுத்து வரைக்கும் வெட்டினாலும் பிரயோசனம் இல்லை என்று எழுதியிருந்தேன். கோடாலிக்கும் கழுத்து உண்டு, வாய்க்கும் காதுக்கும் நடுவில். தமிழ் வாசிக்கிற ஐயா அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, பெரிய ஐயாவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். உன் கடிதமும் மேசையில் இருந்தது.

"மொகத மே பொரோ கதாவ?" என்று கேட்டார். என்ன இந்தக் கோடாலிக் கதை என்று.

விறகு வெட்டக் கோடாலி தீட்டுகிறாள் என் மனைவி, எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். எந்தக் கோடாலி என்று கேட்டார். அதே கோடாலி என்றேன். அவர் உன் கடிதத்தைத் திரும்ப மடித்து வைத்தார். பிறகு, எழுது, ஆனால் வெட்டு என்கிற சொல்லைப் பார்த்து எழுது என்றார். ஆகவே பார்த்து எழுதுகிறேன்.

நீலமான இடம் செத்த இடம். அதற்கு மருந்து இல்லை. அந்த நீலம் முழுவதும் போகும் வரை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். மிச்சப் பல்லும் அதோடு போய்விடும். நிறைய இரும்பு போகும், கோடாலி கொஞ்சம் சிறிதாகும். பரவாயில்லை.

இரண்டு கட்டையைத் தரையில் அடித்து, நடுவில் தலையை ஆப்பு வைத்து இறுக்கு, ஆடக்கூடாது. கையில் சாக்குத் துணி சுற்றிக்கொள். முதலில் வாயை நேருக்கு நேராகத் தேய்த்து மொட்டையாக்கு. பயப்படாதே, முழுக்க மொட்டையாக வேண்டும். ஓரத்தில் நேர்கோடு இல்லாமல், லேசாக வளைந்து வர வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் சரிவு எடு. அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்து, பின்னால் இழுக்கும்போது தூக்கிவிடு. அடுப்புக்கரியை வாயில் பூசிக்கொண்டால் அரம் பட்ட இடமும் படாத இடமும் தெரியும். இந்தப் பக்கம் இருபது என்றால் அந்தப் பக்கமும் இருபது. விறகுக் கோடாலிக்குச் சரிவு தட்டையாக இருக்கக் கூடாது, கொஞ்சம் வயிறு வேண்டும். இல்லாவிட்டால் கட்டைக்குள் போய் இறுகிவிடும்.

இதெல்லாம் நான் எழுதுகிறேன். ஆனால் உனக்கு ஏன் இந்த வேலை என்று எனக்குத் தெரியவில்லை. யோகேஸ்வரன் சொன்னது சரிதான். வேறு கோடாலி வாங்கலாம். அதை ஆபீஸில் கொடு, இல்லாவிட்டால் ஆற்றில் போடு. எனக்கு அது வேண்டாம்.

தர்ஷன்

---

டயகம, மேற்பிரிவு
4.5.2025

அன்புள்ள உங்களுக்கு,

ஏன் இந்த வேலை என்று கேட்டிருந்தீர்கள். நான் யோசித்துப் பார்த்தேன்.

புள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு ஒன்பது நாள் பால் வந்தது. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். துணியை வைத்துக் கட்டினேன். பத்தாம் நாள் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் வரவில்லை. அழுகையும் இல்லை. கொழுந்து எடுக்கும்போது கை தானாகப் போகிறது, கூடை நிறைந்துவிடுகிறது, எப்போது நிறைந்தது என்று தெரியாது. சோறு ஆக்கினேனா என்று பானையைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அரம் தள்ளும்போது மட்டும் தள்ளுகிறேன் என்று தெரிகிறது. அவ்வளவுதான் காரணம்.

வேலை விட்டு வந்து ஒரு பக்கம் முப்பது, மறு பக்கம் முப்பது. நீலம் போக இருபத்தாறு நாள் ஆனது. முதல் வாரம் சரிவு கோணலாகப் போய்விட்டது, வலது பக்கம் நான் அதிகம் அழுத்துகிறேன். கரி பூசிப் பார்த்துத் திருத்தினேன். இப்போது பல் ஒன்றும் இல்லை. வாய் இன்னும் மொட்டைதான், ஆனால் ஒரே வளைவாக வந்துவிட்டது.

நான் எழுத வந்தது வேறு.

போன செவ்வாய்க்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் அம்மாக்கண்ணு அத்தை எனக்குப் பின்னால் நின்றார். என் கையில் அரம் கீறின காயத்தைப் பார்த்தார். பத்து மாசத்துக்குப் பிறகு முதல் தரம் என்னோடு பேசினார்.

"உம் புருஷன் கோடாலி வழுக்கிருச்சுன்னு சொல்லித்தானே உள்ள இருக்கான்?"

நான் கூடையை ஒரு அடி முன்னால் தள்ளினேன்.

"வழுக்கல புள்ள. எங்க வீட்டுக்காரரு கோர்ட்டுல பொய் சொன்னாரு. உண்மையச் சொல்லியிருந்தா உம் புருஷன் இன்னும் பத்து வருஷத்துக்கு வர மாட்டான். எதுக்குய்யா பொய் சொன்னன்னு நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். வாயத் தொறக்க மாட்டேங்குறாரு."

என் கூடையைத் தூக்கி நிறுத்தார்கள். நான் நம்பரைச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது அத்தை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழுக்கினதா, இல்லையா? ஒரே வார்த்தை எழுதினால் போதும்.

கிருஷாந்தி

---

19.5.2025

கிருஷாந்திக்கு,

வழுக்கவில்லை.

ஒரு வார்த்தை போதும் என்று எழுதியிருந்தாய். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கிற ஐயாவும் படிக்கட்டும். மையால் அடித்தால் அடிக்கட்டும். வந்து சேர்ந்தால் படி.

பதினொன்றாவது அடியில் பூட்டு விழுந்தது. சங்கிலியை நான்தான் இழுத்துப் போட்டேன். கதவு திறந்துவிட்டது. டிரைவர் திலக்ஷன் லொறியில் ஏறி ஸ்டார்ட் பண்ணிவிட்டான். நான் செய்ய வேண்டியது ஓடிவந்து உன்னைத் தூக்குவது மட்டும்தான். அப்போது சிவசாமி மாமா பின்னால் இருந்து என் சட்டையைப் பிடித்தார். "வேணாம்டா தம்பி, எம் வேலை போயிரும்டா" என்றார். கதவு திறந்த பிறகு சொல்கிறார். அதற்கு முன்னால் அரை மணி நேரம் அவர் காலைப் பிடித்துக் கேட்டேன். தோட்டத் தொரை உத்தரவு இல்லாமல் போயா நாளில் லொறியைத் திறக்க முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் திரும்பினேன். அவர் கையைத் தூக்கினார், முகத்தை மறைக்க. அந்தக் கையில் அடித்தேன். கோபம் என்று சொல்ல முடியாது. பூட்டில் அடித்த கை நிற்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நின்றுவிட்டது. நின்ற பிறகு மறுபடி தூக்கினேன். அது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு திலக்ஷன் லொறியை விட்டு இறங்கி ஓடிவந்தான். துணி தேடினார்கள். ஆட்கள் கூடி என்னைப் பிடித்து, கையைக் கட்டி, கொட்டகைத் தூணில் உட்கார வைத்தார்கள். உன் பக்கம் யாரும் போகவில்லை. நான் கத்தினேன். நான் கத்துவது எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு வரும்போது அரை மணி நேரம் போய்விட்டது.

சாவி தராமல் மாமா எடுத்தது அரை மணி நேரம். நான் எடுத்தது அரை மணி நேரம். ஒரு வருஷமாக இந்த இரண்டையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ பார்க்க வந்த அன்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "அவரு மட்டும் தொறந்திருந்தா" என்று சொன்னாய். என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் வர வேண்டாம் என்றேன்.

கோர்ட்டில் மாமா வழுக்கினது என்று சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் சொன்னார் என்று எனக்கும் தெரியாது.

அரம் முடிந்ததும் கல்லில் தீட்ட வேண்டும். அதை எழுத இப்போது முடியவில்லை.

தர்ஷன்

---

டயகம, மேற்பிரிவு
27.7.2025

உங்களுக்கு,

கடிதம் வந்தது. ஒரு வரியும் அடிக்காமல் வந்தது. இரண்டு மாசம் ஆகிவிட்டது, பதில் எழுத எதுவும் இல்லாமல் இருந்தது.

கோடாலியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். ஆடி மழையில் அதில் மறுபடி துரு பூத்துவிட்டது. போன வாரம் எடுத்துத் துடைத்தேன். கல்லில் எப்படித் தீட்டுவது என்று நீங்கள் எழுதாததால் கவ்வாத்துக்காரர்களிடம் கேட்டேன். தண்ணி தெளித்து, வட்டம் வட்டமாக, சொரசொரப்புப் பக்கம் முதலில், வழவழப்புப் பக்கம் பிறகு. மறு பக்கம் விரலில் பிசிறு தட்டினால் திருப்ப வேண்டுமாம். உங்களுடைய பழைய பெல்ட்டில் நாற்பது தரம் இழுத்தேன். பிடிக்குக் கொய்யாக் கம்பு ஒன்று கிடைத்தது. இப்போது கடுதாசியை அந்தரத்தில் பிடித்தாலும் வெட்டுகிறது. வெட்டு என்று எழுதிவிட்டேன். ஐயா பார்த்துக்கொள்ளட்டும்.

தீட்டி முடித்த அன்று சிவசாமி மாமா வீட்டுக்குப் போனேன். கோடாலியைக் கொண்டுபோகவில்லை. அத்தை கதவைத் திறந்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். மாமா பாயில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. விரல் மூடாது, தெரியுமா? சோற்றைக் கரண்டியால் இடது கையில் சாப்பிடுகிறார். வாச்சர் வேலையும் போய்விட்டது.

"வழுக்கலன்னு அவரே எழுதிட்டாரு மாமா" என்றேன்.

அவர் இடது கையால் வலது கையை எடுத்து நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்.

"சாவி எம் மடியிலதான் இருந்துச்சு தாயி. தொரைக்கு நாலு தரம் போன் அடிச்சேன். எடுக்கல. அஞ்சாவது தரம் அடிக்கிறதுக்குப் பதிலா தொறந்திருக்கலாம். கையி போகல."

"அதுக்காகத்தான் அவரக் காப்பாத்துனீங்களா?"

"அவனக் காப்பாத்தல. வழுக்கிருச்சுன்னு சொன்னா கேசு சுருக்கா முடிஞ்சிரும்னாங்க. நீண்டுக்கிட்டே போனா, சாவி எங்க இருந்துச்சுன்னு யாராச்சும் கேப்பாங்க. அதுக்குப் பயந்துதான் சொன்னேன்."

அத்தை கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் மேலேயும் வரவில்லை, உங்கள் மேலேயும் வரவில்லை. அத்தை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

உங்களிடம் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். லொறியில் என்னையும் மாமாவையும் ஒன்றாகத்தான் போட்டுக்கொண்டு போனார்கள், கொழுந்துச் சாக்கு மேல். பள்ளத்தில் லொறி விழும்போதெல்லாம் என் தலை தகரத்தில் இடித்தது. மாமா நல்ல கையை என் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வரும் வரை எடுக்கவில்லை. வெட்டுப்பட்ட கையைப் பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு கை இல்லை. ரத்தம் அது பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்மேல் உள்ள கோபம் குறைந்துவிடும் என்று வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் கேட்டேன், அரை மணி நேரம் முந்தி வந்திருந்தால் என்று. யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருவர் இருந்தார், சிவனேஸ்வரி என்று பெயர். "அதைச் சொல்லேலாதம்மா. ஏழு மாசப் பிள்ளை. ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தாலும் என்னெண்டு சொல்லுறது" என்றார். அதை உங்களுக்கு ஆறுதலாக எழுதவில்லை. அவர் சொன்னது அது. அவ்வளவுதான்.

மன்னித்துவிட்டேன் என்று என்னால் எழுத முடியாது. மன்னிக்கவில்லை என்றும் எழுத முடியாது. இரண்டும் எனக்குத் தெரியவில்லை.

கிருஷாந்தி

---

17.8.2025

கிருஷாந்திக்கு,

லொறியில் நடந்ததைப் படித்தேன். எனக்கு அது தெரியாது.

நவம்பர் பதினான்காம் தேதி விடுகிறார்கள். இங்கே என்னோடு வேலை செய்தவருடைய அண்ணன் கண்டியில் தளபாடக் கடை வைத்திருக்கிறார். வெளியே வந்ததும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார், தங்கவும் இடம் உண்டு. லயத்தில் ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். மாமா வாசலைத் தாண்டித்தான் நான் தண்ணிக்கும் போக வேண்டும். நீ லயத்துக்கு வா என்றால் வருகிறேன், கண்டிக்குப் போ என்றால் போகிறேன். நீயும் கண்டிக்கு வருகிறேன் என்றாலும் இடம் பார்க்கிறேன். வர வேண்டாம் என்றாலும் சரி. எதுவானாலும் எழுது.

கொய்யாப் பிடிக்கு ஆப்பு வைத்த பிறகு தலையை ஒரு இரவு எண்ணெயில் நிறுத்தி வை. மரம் ஊறி இறுகிக்கொள்ளும். தண்ணியில் வைக்காதே. காய்ந்ததும் கழன்றுவிடும்.

தர்ஷன்

---

டயகம, மேற்பிரிவு
5.10.2025

அன்புள்ள உங்களுக்கு,

பதில் தாமதம். நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஓகஸ்ட் முழுக்க வேர்க்கட்டை பிளந்தேன். கோடாலி நன்றாக வேலை செய்கிறது. வயிறு வைத்துத் தேய்க்கச் சொன்னது சரிதான், கட்டையில் இறுகவில்லை. தலைவர் யோகேஸ்வரன் மறுபடி வந்தார். லயத்தில் கூட்டம் போட்டார்கள். கோடாலியை ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். சிவசாமி மாமாவும் வந்து கடைசியில் நின்றார். அவரிடம் கேட்டார்கள். "ஒங்களுக்குத்தானே பட்டுச்சு, நீங்க சொல்லுங்க" என்றார்கள். மாமா, "அது வெறகுக் கோடாலிதானே" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். கூட்டம் கலைந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கண்ணு அத்தை வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றார்.

"புள்ள, அது வெட்டுமா?"

"வெட்டும் அத்தை."

"எங்க வீட்டுல கட்ட கெடக்கு, பொளக்க ஆளு இல்ல. குடு."

நான் பிளந்து தருகிறேன் என்றேன். "வேணாம், குடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாயில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பார்த்து என்றேன். விரலை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு அப்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு அப்படி ஏதோ ஒன்று ஆனது. பிறகு முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து சத்தம் கேட்கிறது. நேற்றுத் தண்ணிக்குப் போகும்போது பார்த்தேன். மாமா இடது கையால் கட்டையை நிறுத்திப் பிடித்துக்கொள்கிறார். அத்தை கோடாலியை ஓங்குகிறார். மாமா கையை எடுத்த பிறகு போடுகிறார். சில நேரம் எடுப்பதற்கு முன்னாலேயே ஓங்கிவிடுகிறார். மாமா பார்த்துக்கொண்டே இருக்கிறார், கண்ணை மூடுவதில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. நான் குடத்தை வைத்துவிட்டு நின்று பார்த்தேன். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஒரு கல்லில் பட்ட சத்தமும் கேட்டது. பல் விழுந்திருக்கும்.

கோடாலியை இன்னும் திருப்பித் தரவில்லை. நான் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

கண்டிக்குப் போவதா, இங்கே வருவதா என்று கேட்டிருந்தீர்கள். நான் கண்டிக்கு வர மாட்டேன். புள்ளையை இங்கேதான் வைத்திருக்கிறோம், தேயிலை மலைக்குப் பின்னால். நீங்கள் அந்த இடத்தை இன்னும் பார்க்கவில்லை.

நவம்பர் பதினான்கு வெள்ளிக்கிழமை. நான் வேலைக்குப் போயிருப்பேன், சிறை வாசலுக்கு வர மாட்டேன். நாலரை பஸ்ஸில் வந்தால் வெளிச்சம் இருக்கும். நம் லயக் காம்பராவுக்கு வருவதற்கு முன்னால் மாமா வீட்டுக் காம்பரா வரும். அங்கே நின்று, கோடாலியை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

தரவில்லை என்றால் வெறுங்கையோடு வாருங்கள். சோறு ஆக்கியிருப்பேன்.

கிருஷாந்தி